முதல் கைத் தண்ணீர்

"மக்கள் வரிப்பணத்துல எனக்கு ஊர் சுத்திக் காட்டறீங்களா மேடம்?" வேனில் ஏறும்போதே ஆரம்பித்துவிட்டார் கவுன்சிலர் சூர்யபிரகாஷ்.

"டீசல் என் காசு. உக்காருங்க" என்றார் நகர்மன்றத் தலைவர் செம்மொழி.

மலைமேல் இருக்கும் சுற்றுலா நகரம் அவர்களுடையது. அங்கே லாட்ஜுகளின் கழிவுக் குழாய்கள் அத்தனையும் ஓடையைப் பார்த்துத்தான் வாய் திறந்திருக்கின்றன. அவற்றை அடைக்கச் சொல்லி செம்மொழி ஒரு தீர்மானம் வைத்திருக்கிறார். நாளை மறுநாள் மன்றக் கூட்டம்.

சூர்யபிரகாஷ் கை தூக்கினால் அவர் பின்னால் பத்துப் பேர் தூக்குவார்கள். அவர் தூக்காவிட்டால் தீர்மானம் படுத்துவிடும். அவருக்கே நாற்பது அறை லாட்ஜ் ஒன்று இருப்பதால், அவர் தூக்குவதாக இல்லை.

"சுத்திகரிப்புத் தொட்டி கட்டணும்னா ஒரு சீசன் முழுக்க மூடணும். இருபது பேர் வேலை பாக்கறாங்க. அவங்க வயித்துல அடிக்கச் சொல்றீங்களா?" என்று வழியெல்லாம் ஏழைகளுக்காக உருகினார். "ஓடுற தண்ணி மேடம். மலை இறங்கினா தானா சுத்தமாயிடும்."

செம்மொழி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

சீர்காழிக்குக் கிழக்கே, கடைமடைக் கிராமம் ஒன்றின் வாய்க்கால் கரையில் வேன் நின்றது. மறுநாள் காலை பத்து மணி. வெயில் மண்டையைப் பிளந்தது. வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஆனால் கரையில் ஊரே திரண்டு நின்றது.

"என்ன, திருவிழாவா?"

"தண்ணி வருது. நம்ம ஓடை பவானியில விழுந்து, பவானி காவிரியில விழுந்து, கடைசியா வந்து சேர்ற இடம் இது."

"தண்ணி வர்றதுக்கா இவ்வளவு கூட்டம்?"

சூர்யபிரகாஷுக்குச் சிரிப்பு வந்தது. அவர் ஊரில் மழை பிடித்தால் படுக்கையறைச் சுவரெல்லாம் கசியும். தண்ணீரை யாரும் நின்று வேடிக்கை பார்த்ததில்லை.

"வந்துடுச்சு! வந்துடுச்சு!"

கூட்டம் முழுவதும் ஒரே பக்கம் திரும்பியது.

வாய்க்கால் வளைவில் தண்ணீரின் தலை தெரிந்தது. பாய்ந்தெல்லாம் வரவில்லை. சருகையும் நுரையையும் முன்னால் தள்ளிக்கொண்டு, வழி கேட்டுக் கேட்டு வருவதுபோல் மெல்ல வந்தது. ஒவ்வொரு வெடிப்பாக இறங்கி நிரப்பிவிட்டுத்தான் அடுத்த அடி எடுத்து வைத்தது. மண் அதைக் குடிக்கும் சத்தம் கரைவரைக்கும் கேட்டது.

பெண்கள் குலவையிட்டார்கள். பூவும் விதைநெல்லும் வந்து விழுந்தன. முறுக்கு மீசை வைத்த ஓர் ஆள் கூச்சமே இல்லாமல் தேம்பினான்.

சூர்யபிரகாஷ் குனிந்து பார்த்தார். எப்போது கழற்றினார் என்று தெரியவில்லை, காலில் செருப்பு இல்லை.

மூன்று மா நிலம் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்யும் ஞானாம்பாள் வாய்க்காலில் இறங்கினார். இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நேராகச் சூர்யபிரகாஷிடம் வந்தார்.

"மலையிலேர்ந்து வந்திருக்கீங்களாமே. எங்களுக்குத் தண்ணி அனுப்பி வெக்கறவங்க நீங்க. மொத கைத் தண்ணி விருந்தாளிக்குத்தான். அப்பறந்தான் நாங்க வாயில வெப்போம். குடிங்க தம்பி."

சூர்யபிரகாஷின் கை எழவில்லை.

தண்ணீர் விரலிடுக்கில் ஒழுகிப் போயிற்று. ஞானாம்பாள் மறுபடி இறங்கி அள்ளி வந்து நீட்டினார். இப்போதும் எழவில்லை.

அந்த அம்மாளின் முகம் சுருங்கியது.

"எங்க கையால குடிக்க மாட்டீங்களா?"

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. "சாதி பாக்கறான்யா." "இந்தக் காலத்துலயுமா?"

செம்மொழி அவரையே பார்த்தார்.

சாதி என்றே நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு வேனில் ஏறிவிடலாம். இங்கே யாருக்கு அவரைத் தெரியும்? லாட்ஜைத்தான் யாருக்குத் தெரியும்?

"சரி, பரவால்ல" என்று ஞானாம்பாள் தண்ணீரைத் தன் வாய்க்கே கொண்டுபோனார்.

சூர்யபிரகாஷ் பாய்ந்து அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

தண்ணீர் சிதறியது. "ஏய்!" என்று கூட்டம் சீறியது. முறுக்கு மீசைக்காரன் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டான்.

"குடிக்காதீங்கம்மா!" சூர்யபிரகாஷின் குரல் உடைந்தது. "என் லாட்ஜ் கக்கூஸ் தண்ணி பூரா இதுலதான் வருது. நான்தான் விடறேன். சாமியா கும்பிடற தண்ணியில... தெரியாமப் பண்ணிட்டேன்மா. இல்ல, தெரிஞ்சேதான் பண்ணேன். நாளைக்கு மன்றத்துல மொத கை நான் தூக்கறேன். குழாயை அடைச்சுடறேன். நீங்க குடிக்காதீங்க."

சட்டையைப் பிடித்த கை தளர்ந்தது. தண்ணீர் மட்டும் தன்பாட்டுக்கு வயலைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது.

ஞானாம்பாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கோபம் இல்லை. வாய்க்காலில் இறங்கி, மூன்றாம் முறையாக அள்ளினார்.

"உங்க ஊரு ஒண்ணுதானா தம்பி? வழி நெடுக எல்லா ஊரும் இதுல கலக்குதுன்னு தெரியாமலா இருக்கோம்? தெரிஞ்சுதான் வருஷா வருஷம் ஒரு வாய் குடிக்கறோம். இத்தனை தூரம் நம்மளத் தேடி வந்ததை, அழுக்கா வந்திருக்குன்னு வாசல்லயே நிக்க வெக்க முடியுமா?"

சொல்லிவிட்டு, கண்ணில் ஒற்றி, குடித்தார்.