பத்திரிகை முழுக்கக் கொடிமலர்

ஓர் அச்சகத்துக் கணினிக்குள் கொடிமலர் என்றொரு எழுத்துரு இருந்தாள். ஓவியர் ஒருவர் கையால் வரைந்த நூலிழைக் கோடுகள். காலுக்கொரு சுழி, தலைக்கொரு மொட்டு. கல்யாணப் பத்திரிகையில் மணமக்கள் பெயருக்கு மட்டும் அவளைக் கூப்பிடுவார்கள். மண்டபம், முகூர்த்தம், பஸ் வழி எல்லாம் கட்டையன் என்ற தடித்த எழுத்துருவின் பாடு.

"வெறும் ரெண்டு வரிக்கா எனக்கு இத்தனை அலங்காரம்?" என்று அவள் எப்போதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் பெண்ணைப் பெற்றவர் ஒருவர் திரையில் அவளைப் பார்த்துச் சொக்கிப்போனார். "பத்திரிகை முழுக்க இதே எழுத்துல போட்டுடுங்க."

கொடிமலருக்குத் தலைகால் புரியவில்லை. "நீ போய்த் தூங்குப்பா," என்றாள் கட்டையனிடம்.

கல்யாணத்தன்று பெண்ணுக்கு மாலை போட வேண்டிய தாய்மாமனைக் காணோம். வெளியூரிலிருந்து வந்தவர், சுழிகளுக்கு நடுவே மண்டபத்தின் பெயரைத் தேடித் தேடி அலுத்து, நாதஸ்வரம் கேட்ட மண்டபத்துக்குள் நுழைந்துவிட்டார். யார் கல்யாணம் என்றே தெரியாமல் இரண்டாம் தடவை பாயசம் வாங்கிக்கொண்டிருந்தவரைக் கண்டுபிடித்து இழுத்து வருவதற்குள் முகூர்த்தமே தாண்டிவிட்டது.

மறுநாள் பெண்ணின் அப்பா அச்சகத்துக்கு வந்து கத்தினார். "அரைமணி நேரம் வச்ச கண் வாங்காம பத்திரிகையையே பாத்துக்கிட்டு நின்னாராம் என் மச்சான்!"

கொடிமலருக்கு அது மட்டும்தான் காதில் விழுந்தது.

"கேட்டியா கட்டையா? அரைமணி நேரம்! உன்னை யாராவது அப்படிப் பாத்திருக்காங்களா?"

"இல்லக்கா," என்றான் கட்டையன். "என்னைப் பாத்தவங்க எல்லாம் உடனே மண்டபத்துக்குக் கிளம்பிப் போயிடுவாங்க."