நகலெடுக்க ஓர் அனுமதி

"மேடம், அதோ அவர்தான். நாலஞ்சு நாளா வந்து உங்க படத்தை அப்படியே காப்பியடிக்கிறார்" என்றார் காட்சிக்கூட மேலாளர், குரலைத் தாழ்த்தி. போன் போட்டு ஓவியரை வரவழைத்ததே அவர்தான்.

திரும்பிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவள் வரைந்த 'கொடியில் துணிகள்' ஓவியத்தின் முன்னால், மடக்கு நாற்காலியில் தலை நரைத்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். மடியில் பலகை. மூக்கு நுனியில் நீலச் சாயம்.

"நானும் சொல்லிப் பார்த்துட்டேன் மேடம். பக்கத்து அறையில இருக்கிறதெல்லாம் எரநூறு வருஷத்துப் படம். வரைஞ்சவங்க போய்ச் சேர்ந்துட்டாங்க, உரிமையும் முடிஞ்சுபோச்சு, யார் வேணும்னாலும் பார்த்து வரையலாம். இதுக்கு வரைஞ்சவங்க அனுமதி வேணும்னேன். நகர மாட்டேங்கிறார். நீங்க ஒரு வார்த்தை சொன்னா இப்பவே எழுப்பிடுறேன்."

அவள் கிட்டே போனாள். அவளைக் கண்டதும் அவர் கையிலிருந்த தூரிகை நின்றது.

"எதுக்கு என் படம்தான் வேணுமாம்? கேளுங்க சார்" என்றாள் மேலாளரிடம்.

ஆள் எதிரிலேயே இருக்கிறார். இருந்தாலும் மேலாளர் கேட்டார்.

"அவங்களை மாதிரி வரையக் கத்துக்கணும்னு சொல்லுங்க சார்."

பெரிய கலைஞர்கள் முன்பின் தெரியாதவர்களிடம் நேராகப் பேச மாட்டார்கள் போலிருக்கிறது என்று மேலாளர் நினைத்துக்கொண்டார். இவருக்கு என்ன வந்தது என்றுதான் புரியவில்லை.

"இந்த வயசுல என்ன திடீர் ஞானம்னு கேளுங்க."

அவர் பலகையைப் பார்த்தபடி சொன்னார். "துணி காயுற கொடியை வரையறதுல என்ன பெரிய வித்தைன்னு நெனச்சேன் சார். இந்த ஒரு வெள்ளைத் துண்டுக்குள்ள எத்தனை நிறம் இருக்கு. ஒண்ணுகூட என் கைக்கு வரல. கை ஆகாதவனுக்குத்தான் வாய் நீளம்னு இப்பத்தான் உறைக்குது."

அவள் குனிந்து அவர் வரைந்ததைப் பார்த்தாள். துண்டு, அட்டையை வெட்டித் தொங்கவிட்டது போல விறைத்துக்கொண்டு நின்றது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"ஈரத்துணிக்குக் கனம் உண்டு. முதல்ல நிழலைப் போடச் சொல்லுங்க. அப்புறம்தான் வெள்ளை."

"அப்ப, அனுமதி மேடம்?"

"குடுத்தாச்சு. விக்கக் கூடாதுன்னு மட்டும் சொல்லிடுங்க."

"இதை எவன் வாங்குவான்" என்று அவர் முணுமுணுத்தார்.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கைக்குட்டையை எடுத்து அவர் மூக்கிலிருந்த நீலத்தைத் துடைத்துவிட்டு, முதல்முறையாக அவரிடமே கேட்டாள்.

"காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா, இல்லையா?"

அவர் இல்லையென்று தலையாட்டினார். மேலாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க சார், இவர் என் வீட்டுக்காரர்தான்" என்றாள் அவள். "'சாயம் பூசுறதெல்லாம் ஒரு வேலையா'ன்னு என்னைக்கு வாயை விட்டாரோ அன்னையிலேர்ந்து வீட்டுல பேச்சில்ல, அங்க தூது போறதுக்கு உங்களை மாதிரி ஒருத்தரும் இல்ல."