ஒரு கை கூட உயரவில்லை

"மீளா மாற்றம்னா என்ன? யாரு சொல்லுவீங்க?"

கேட்டுவிட்டு ரெஜிஷா சிரித்த முகமாக நின்றாள். ஏழாம் வகுப்பில் ஒரு கை கூட உயரவில்லை.

நேற்று இதே வகுப்பில், இதே கேள்விக்கு, அத்தனை கைகளும் உயர்ந்திருந்தன. "நாளைக்கு என்னைப் பரீட்சை பண்ண ஒரு மேடம் வருவாங்க. இதே பாடம்தான். இப்படியே சொல்லிரணும், என்ன?" என்று கெஞ்சியிருந்தாள். "செரி டீச்சர்!" என்று ஓடு பறக்கக் கத்தியதும் இதே பிள்ளைகள்தான்.

பி.எட். படிக்கிறவர்கள் பாதிப்பேர் செய்கிற சின்னக் களவு இது. ஒத்திகை என்று மரியாதையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

வேறு கல்லூரியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மாள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு அவர் போடுவதுதான் மார்க்.

ரெஜிஷாவுக்கு அந்த மார்க் உயிர். அக்காமார் இரண்டுபேரும் நர்சிங் படித்துக் குவைத்துக்குப் போய்விட, டீச்சர்தான் ஆவேன் என்று ஒற்றைக்காலில் நின்றவள் அவள். "பி.எட். பட்டம் கல்யாணப் பத்திரிகையில அடிக்கத்தான் ஆகும் மக்கா" என்று பெற்ற தாய் நேசபாயே சொல்லியாயிற்று. தக்கலையில் ஒரு பள்ளிக்கூடம் மட்டும், 'பிராக்டிகல் மார்க் நல்லா வரட்டும், ஜூன்ல வந்து சேரு' என்று சொல்லியிருந்தது.

"யாராவது சொல்லுங்க மக்கா..."

முன்பெஞ்சைப் பார்த்தாள். வகுப்பிலேயே முதல் மார்க் வாங்குகிற ஷிஜி, பெஞ்சுக்கு அடியில் பக்கத்திலிருந்த சபிதாவோடு கையைப் பிடித்து இழுத்து விளையாடிக்கொண்டிருந்தாள். ரெஜிஷாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஷிஜி, நீ சொல்லு."

எழுந்தாள். தரையைப் பார்த்தாள். "தெரியாது டீச்சர்."

நன்றி கெட்ட பிள்ளைகள்! எழுதி வைத்திருந்த பாடத்திட்டத்தில், 'மாணவர்கள் விடை கூறுவர்' என்று இருந்தது. கூறாவிட்டால் என்ன செய்வது என்று இல்லை.

ஜன்னலுக்கு வெளியே குலசேகரத்து ரப்பர் மரங்கள், இடுப்பில் பால் வடியும் சிரட்டையோடு நின்றன. ராப்பகலாக வரைந்த சார்ட்டைச் சுருட்டி மேஜையில் வைத்தாள்.

"அதை விடுங்க. யாரு வீட்டுலயெல்லாம் ரப்பர் வெட்டப் போறாங்க?"

இப்போது கைகள் உயர்ந்தன.

"சிரட்டையில விழுற பாலை எடுத்து ஆசிட் ஊத்துனா என்ன ஆகும்?"

"உறைஞ்சிரும் டீச்சர்!"

"பொறவு?"

"மெஷின்ல போட்டு ஷீட் அடிப்பாவ!"

"அந்த ஷீட்டைத் தண்ணியில ஊறவச்சுத் திரும்பப் பாலாக்கிச் சிரட்டையில ஊத்த முடியுமா?"

வகுப்பே சிரித்தது. "அதெப்படி டீச்சர் முடியும்?"

"முடியாதுல்லா? திரும்பப் பழைய மாதிரி ஆகாத மாற்றம். அதுதான் மீளா மாற்றம். இன்னொண்ணு சொல்லுங்க பாப்போம்."

"புட்டு டீச்சர்! அவிச்ச புட்டு திரும்ப மாவாகாது!"

அதற்கப்புறம் மணி அடித்ததுகூட யாருக்கும் கேட்கவில்லை.

தேர்வாளர் அம்மாள் கிளம்பும்போது தோளைத் தட்டினார். "நான் வரும்போது பிள்ளைகளுக்கு ஒண்ணுமே தெரியலை. என் கண்ணு முன்னாலேயே தெரிய வெச்சே. நீ டீச்சர்தான்ம்மா. மார்க்கைப் பத்திக் கவலைப்படாதே."

காலில் விழாத குறையாக வழியனுப்பிவிட்டு வகுப்புக்குத் திரும்பினாள். சந்தோஷம் இருந்தது. ஆனால் மனசுக்குள் முள் ஒன்று குத்திக்கொண்டே இருந்தது. பிள்ளைகளுக்கென்று வாங்கி வைத்த மிட்டாய்ப் பொட்டலத்தைப் பையைவிட்டு எடுக்கவில்லை.

"நேத்து தலைகீழா ஒப்பிச்சீங்க. இன்னைக்கு ஒருத்தருக்குக் கூட வாயைத் திறக்கத் தோணலியா? எனக்க வாழ்க்கை மக்கா இது! நான் உங்களுக்கு என்ன செய்தேன்?"

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சபிதாதான் எழுந்தாள்.

"டீச்சர், போன வருசம் ஸ்மைலின் டீச்சர்னு ஒருத்தவ பி.எட்.டுக்கு வந்தாவ. அவியளும் உங்கள மாதிரி முந்தின நாளே சொல்லித் தந்தாவ. மறுநாள் அவிய கேள்வி கேட்டு முடிக்கதுக்கு முன்னயே நாங்க எல்லாரும் கையைத் தூக்கிட்டோம். வந்த சார், இது ஒப்பிச்ச பாடம்னு சொல்லி மார்க்கைக் குறைச்சிட்டாரு. பஸ் ஸ்டாப்புல நிண்ணு அப்படி அழுதாவ டீச்சர்."

ரெஜிஷா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"இப்ப தக்கலையில துணிக்கடையில வேலைக்கு நிக்காவ. அம்மைக்குச் சேலை எடுக்கப் போனப்ப பாத்தேன். என்னைப் பாத்து சிரிச்சாவ. எனக்குத்தான் சிரிக்க முடியல."

"அதனால?"

"அதனால, உங்களுக்கு முதல் கேள்விக்கு ஒருத்தரும் கையைத் தூக்கப்பிடாதுன்னு பேசி வச்சோம்."

ரெஜிஷா மெல்ல சபிதாவுக்குப் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். "ஷிஜி... நீயுமா?"

ஷிஜி சிவந்து கன்றிப்போன மணிக்கட்டைத் தடவிக்கொண்டே சொன்னாள்:

"விடை தெரிஞ்சா எனக்க கை தன்னால மேல போயிரும் டீச்சர். அதான் சபிதாவ இறுக்கிப் பிடிச்சுக்கிடச் சொன்னேன்."