லட்டு இல்லாத மொட்டை

அறையில் இருந்தவர்கள்: பிரின்சிபால் சிரஞ்சீவி, துறைத்தலைவி ஸ்வர்ணலதா, விடுதி வார்டன் கங்கையா, புது மொட்டையோடு மூன்றாமாண்டு பரணி. இருக்கவேண்டிய ஐந்தாவது ஆள் பரணியின் அப்பா. அவர் வரவில்லை.

மொட்டை ஏன் என்று யாரும் கேட்கவில்லை. திருப்பதியில் பஸ் ஏறினால் பக்கத்து சீட்டில் ஒரு மொட்டை உட்கார்ந்திருக்கும். கங்கையா மட்டும் வராந்தாவில், "மலைக்குப் போனியே, லட்டு எங்கடா?" என்று கேட்டிருந்தார். இல்லை என்று தலையாட்டினான். வழியிலேயே தின்று தீர்த்திருப்பான் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

பரணி எழுதினால் கல்லூரியே சிரிக்கும். போன மாதம் விடுதிச் சாம்பாருக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் அடித்து வாசலில் கட்டினான். துயரத்தில் வாடுவோர் வரிசையில் முதல் பெயர் கங்கையா. அப்பாவை அழைத்துவரச் சொன்னதற்கு ஒரு டீக்கடைக்காரருக்கு வேட்டி கட்டிவிட்டுக் கூட்டிவந்தான். மகன் பெயரைக் கேட்டதும் அந்த ஆள் முழித்தார்.

அதோடு பிரின்சிபாலின் பொறுமை போயிற்று. நாகலாபுரம் பக்கம் கூலிவேலை பார்க்கும் நிஜ அப்பா இரண்டு வாரத்துக்குள் நேரில் வரவேண்டும், இல்லையென்றால் டி.சி. கடைசிப் பரீட்சைக்கு நாற்பது நாள் இருந்தது. கெடு இன்றோடு முடிகிறது.

"நைனா வரமாட்டாரு சார்" என்றான் பரணி.

ஏன் என்று பிரின்சிபால் தெலுங்கில் கேட்டார். பரணி வாயைத் திறந்தான். அவன் வாயைத் திறந்தாலே சிரித்துப் பழகிய ஸ்வர்ணலதா, உதட்டைக் கடித்துக்கொண்டார். பரணி அதைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான்.

விண்ணப்பத்தில் இருக்கும் அப்பா நம்பருக்குப் போன் போடச் சொன்னார் பிரின்சிபால். கங்கையா போட்டார். பரணியின் சட்டைப் பையில் மணி அடித்தது.

ஸ்வர்ணலதாவால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. பரணி ஒரு பழைய பட்டன் போனை எடுத்துப் பார்த்து, அணைத்து, திரும்பப் பையில் போட்டுக்கொண்டான். மூன்று வருஷமாக அப்பா என்று நம்பி இவனிடமேதான் இவனைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருந்தோமா என்று கங்கையாவுக்கு வயிறு எரிந்தது.

பிரின்சிபால் டி.சி.யில் கையெழுத்துப் போட்டார். பரணி கெஞ்சவில்லை. முகத்தில் ஒன்றுமே இல்லை. அதுவும் நடிப்புதான் என்று கங்கையா எடுத்துக்கொண்டார்.

அறையைக் காலி செய்ய அவரே கூட்டிப்போனார். ஒரு பெட்டி, ஒரு பாய், ஒரு பக்கெட். பரணி மூன்றையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். கங்கையா கதவை இழுத்துச் சாத்தினார்.

"இப்பவாச்சும் நெசத்தச் சொல்லுடா. அந்த போன் யாருது?"

"நைனாவுது சார்."

"அப்போ அவரு போனுக்கு இன்னா பண்ணுவாரு?"

கேட்டுக்கொண்டே பூட்டைப் பூட்டி, ஒருமுறை இழுத்துப் பார்த்தார் கங்கையா.

"அவருக்கு நேத்துதான் காரியம் சார்."