உச்சி தட்டையான அலை

"அலையோட உச்சி தட்டையா இருக்கு எம்னா. கத்தி வச்சு சீவின மாதிரி."

ஸ்ஃபாக்ஸ் நகரத்து மூன்றாம் மாடி வீட்டில், கணினித் திரையைப் பார்த்தபடி திஜானி போனில் சொன்னார். ரேடியோவிலிருந்து ஒரு கம்பி கணினியின் மைக் துளைக்குள் போயிருந்தது. ரேடியோ பாடப் பாட, திரையில் பச்சைக் கோடு அலையாக எழுந்து விழுந்தது. மின் அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப் கருவி வாங்க வசதியில்லாதவர்கள் கணினியின் சவுண்ட் கார்டையே அப்படி ஆக்கிக்கொள்வார்கள்.

லியோனில் மருந்துக்கடையில் வேலை செய்யும் மகள், விசாரித்துப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் கூப்பிடுவதாகச் சொன்னாள்.

திஜானி தபால் நிலையத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி நஜாத் போய் மூன்று வருடம். எம்னா ஞாயிறுதோறும் கூப்பிடுவாள். சாப்பிட்டாரா, மாத்திரை போட்டாரா என்று கேட்பாள். மூன்றாவது நிமிடத்தில் இருவருக்கும் பேச்சு தீர்ந்துவிடும். அவள் வைத்த பிறகும் அவர் போனைக் காதிலேயே வைத்திருப்பார். அப்படிப் பேச்சு தீர்ந்த ஒரு ஞாயிறன்றுதான் இந்த அலைச் சமாசாரத்தை முதன்முதலாகச் சொல்லிவைத்தார். அன்று நாற்பது நிமிடம் பேசினாள். அதிலிருந்து வாரம் ஒரு கோளாறு; இந்த வாரம் தட்டை உச்சி.

சொன்னபடி சாயங்காலம் போன் வந்தது.

"பாபா, ரேடியோவுல இருந்து வர்றது மைக் துளைக்கு ரொம்ப அதிகமாம். நடுவுல ரெண்டு ரெசிஸ்டர் போட்டுக் குறைக்கணும். ஒண்ணு நூறு கிலோ ஓம், இன்னொண்ணு பத்து."

அவர் தப்பாகத் திருப்பிச் சொன்னார். அவள் திருத்தினாள். மறுபடி தப்பாகச் சொன்னார்.

"முத்திரை குத்தின கைக்கு இதெல்லாம் மெதுவாத்தான் வரும்" என்று சிரித்தாள்.

பேச்சு அவள் கடைக்குப் போனது, அங்கே பெய்த மழைக்குப் போனது. கடைசியில், அம்மா வைக்கும் மீன் கூஸ்கூஸில் வந்து நின்றது. அடக்கத்துக்குப் பிறகு அம்மாவைப் பற்றி அவள் வாய்திறந்தது அன்றுதான்.

போனை வைத்ததும் வீடு பழையபடி ஆனது. திஜானி கணினியில் ஓர் இணையக் குழுவைத் திறந்தார். ஆசிலோஸ்கோப் ஆர்வலர்கள் கூடும் இடம். மூன்று வருடமாக, வேறொரு பெயரில், அங்கே புதியவர்களுக்கெல்லாம் பதில் சொல்பவர் அவர்தான்.

லியோனிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள்: "நீங்கள் சொன்ன ரெசிஸ்டர் அளவை அப்பாவிடம் சொல்லிவிட்டேன் ஐயா. அடுத்த வாரம் அவர் என்ன கேட்பார்? முன்னாலேயே படித்து வைத்துக்கொள்கிறேன். அவரோடு பேச எனக்கு இது ஒன்றுதான் இருக்கிறது."

திஜானி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அடுத்த ஞாயிறு தான் கேட்கப்போகும் கேள்வியைத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தார்.