ஒரே அளவு கதிர்

ஒரு மருத்துவமனையில் கதிர்வீச்சு இயந்திரம் ஒன்று இருந்தது. யாருக்கும் இம்மியளவுகூடக் கூட்டிக் குறைத்துக் கொடுப்பதில்லை என்பதில் அதற்குப் பெருமை.

அந்த மாதம் மார்பகப் புற்றுக்காக அலமேலு, ரெஜினா என்று இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒரே மாதிரிக் கட்டி, ஒரே அளவு கதிர். மூன்றாவது வாரத்தில் அலமேலுவுக்குத் தோல் லேசாகக் கறுத்ததோடு சரி. ரெஜினாவுக்கோ நெஞ்சு வெந்து கொப்புளித்துவிட்டது.

"சோப்புப் போட்டீங்களா? வெயில்ல அலைஞ்சீங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

"இல்லைங்க டாக்டர். நீங்க சொன்னபடிதான் இருந்தேன்."

அவள் போனதும், "பொய் சொல்றா. என் அளவுல ஒரு நூல்கூடப் பிசகலையே!" என்றது இயந்திரம்.

கீழே கிடந்த படுக்கைக்கு மனசு கேட்கவில்லை. "தினமும் அவளைத் தாங்குறது நான். எரிச்சல்ல பல்லைக் கடிச்சுக்கிட்டு, அசையாமப் படுத்திருப்பா. அவளா டாக்டர் பேச்சை மீறுவா?" என்றது.

டாக்டருக்கும் உறுத்தியது. சிகிச்சையை நிறுத்திவைத்து, ரத்தத்தை மரபணுச் சோதனைக்கு அனுப்பினார். கதிர் பட்ட செல்களைச் சரிசெய்யும் மரபணு, ரெஜினாவுக்குப் பிறவியிலேயே வேறு மாதிரி அமைந்திருந்தது.

புண் ஆறியதும் அவளை அதே அறைக்கு வரவழைத்தார். "உங்க மேல தப்பே இல்லைம்மா. தினசரி அளவைக் குறைச்சு, நாளைக் கூட்டிக்கலாம்."

கொப்புளத்துக்கு அழாத ரெஜினா அப்போது அழுதாள்.

அடுத்து ஒரு பெரியவர் வந்து படுத்தார். கதிரை விடுவதற்கு முன் இயந்திரம் தயங்கியது.

"இவரு உடம்பு எப்படி?" என்று படுக்கையிடம் மெல்லக் கேட்டது.