நெருப்பு வாய்க்கு நேரே

"எடுடி அதை. அது என் இடம்."

"உன் இடமா? பட்டா போட்டு வச்சிருக்கியா?"

காலை ஏழு மணிக்கே சூளைக்கு முன்னால் சண்டை தொடங்கிவிட்டது.

பல்கலைக்கழகத்தின் கைவினைத் துறை. மண்கலைப் பிரிவில் கடைசி வருஷம். தேர்வுக்கு முன்னால் கடைசிச் சூளையும் இதுதான். இதில் வெந்து வருவதைத்தான் தேர்வாளர் மேஜையில் வைக்க வேண்டும். வெடித்துப் போனால் இன்னொரு வருஷம் படிக்க வேண்டியதுதான்.

இடம் கேட்டவளுக்கு வகுப்பில் முந்திரிக்கொட்டை என்று பெயர். எந்தச் சூளை அடுக்கினாலும் முதல் ஆளாக ஓடிவந்து, நெருப்பு உள்ளே நுழைகிற வாய்க்கு நேரே தன் ஜாடிகளை வைத்துவிடுவாள். அப்புறம்தான் மற்றவர்களுக்கு இடம். அப்படி இடம் பிடித்தும் ஜாடிகள் கருகி, கோணிக்கொண்டுதான் வரும். கைராசி அப்படி என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள்.

பெயர் வைத்த புண்ணியவதி கிண்ணக்காரி. போன மாதம் முந்திரிக்கொட்டை பெரிய ஜாடி ஒன்றைச் சக்கரத்தில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, அவள் எதிரிலேயே, அவள் ஓடிவந்து இடம் பிடிப்பதைக் கிண்ணக்காரி நடித்துக் காட்டினாள். வகுப்பே வயிறு குலுங்கச் சிரித்தது. முந்திரிக்கொட்டை மட்டும் தலையைத் தூக்காமல் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

இன்றைக்கு நெருப்பு வாய்க்கு நேரே தன் கிண்ணத்தை வைத்து, அவளையே முந்திவிட்டாள் கிண்ணக்காரி. ஐந்து மாத உழைப்பு அந்தக் கிண்ணம். இதற்கு முன் முப்பத்தொரு கிண்ணங்கள் உடைந்திருக்கின்றன. உள்ளே விரலை வைத்தால் வெளியே நிழல் தெரியும், அவ்வளவு மெல்லிசு.

"இவ்வளவு மெல்லிசா வச்சுக்கிட்டு அந்த இடம் கேக்குதா உனக்கு?"

"நல்ல இடம் உனக்கு மட்டும்தான் எழுதி வச்சிருக்கா? வயித்தெரிச்சல்டி உனக்கு!"

முந்திரிக்கொட்டை முறைத்தாள். "உங்கிட்டப் பேசறதுக்கு நான் சுவத்துல முட்டிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஜெயித்த சந்தோஷத்தில் கிண்ணக்காரி நிம்மதியாகச் சாப்பிடப் போனாள். திரும்பி வந்தபோது சூளைக்காரர் வாசலைச் செங்கல் வைத்து அடைத்து, மண் பூசிக்கொண்டிருந்தார்.

நெருப்பு ஒரு நாள் எரிந்தது. சூடு ஆற இரண்டு நாள். அந்த மூன்று நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

நாலாம் நாள் காலை சூளைக்காரர் செங்கற்களை ஒவ்வொன்றாக உருவினார். வெதுவெதுப்பான காற்று முகத்தில் அடித்தது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.



நடுத்தட்டில் இருந்தது அந்தக் கிண்ணம். சேறு மாதிரிப் பூச்சோடு உள்ளே போனது, மழை விட்ட வானத்து நீலத்தில் நின்றது. காலை வெளிச்சம் அதன் உடம்புக்குள் புகுந்து மறுபக்கம் வந்தது. முப்பது வருஷமாகச் சூளை திறக்கிற மனுஷர், கையுறையைக் கழற்றிவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டே நின்றார். இது நம் கையால் வந்ததா என்று கிண்ணக்காரிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கண்ணீர் வந்துவிட்டது.

துடைத்துக்கொண்ட பிறகுதான் உறைத்தது.

"நான் நடுத்தட்டுல வைக்கலையே! யார் நகர்த்தினது?"

கீழே பார்த்தாள். நெருப்பு வாய்க்கு நேரே முந்திரிக்கொட்டையின் அந்தப் பெரிய ஜாடி இருந்தது. நெருப்பைப் பார்த்த பக்கம் உருகி, கொப்பளித்து, இடுப்பு மடிந்திருந்தது. ஆனாலும் விழாமல் நின்றிருந்தது.

சூளைக்காரர் கனைத்துக்கொண்டார். "வாய்க்கு முன்னால இருந்த தடுப்புச் சுவர் மூணு வருஷம் முன்னாடியே இடிஞ்சு போச்சும்மா. ஆபீசுக்கு எழுதிப் போட்டு எழுதிப் போட்டு என் கை ஓஞ்சதுதான் மிச்சம். அங்க ஏதாவது நின்னு அனலை வாங்கிக்கலேன்னா, பின்னால இருக்கறது அத்தனையும் வெடிச்சிடும்."

"இத்தனை நாளா ஒரு வார்த்தை சொல்லலையே அண்ணா?"

"அந்தப் பொண்ணுதான் வேணாம்னுச்சு. தெரிஞ்சா ஆளாளுக்கு நன்றி சொல்லி உயிரை எடுப்பாங்களாம்."

முந்திரிக்கொட்டை ஒன்றும் நடக்காத மாதிரி மூலையில் மேஜை துடைத்துக்கொண்டிருந்தாள். கிண்ணக்காரி அவள் எதிரே போய் நின்றாள்.

"அவ்வளவு பேசினேனே. அப்புறமும் ஏண்டி எனக்காக..."

"உனக்காகவா? ஆசையைப் பாரு! நெருப்பு கடிச்ச மண்ணுதான் எனக்குப் பிடிக்கும். அந்த ஜாடியைத்தான் தேர்வுக்கே வைக்கப் போறேன். சும்மா நிக்காம அதைத் தூக்கிட்டு வா. பத்திரம்."

கிண்ணக்காரி இரண்டு கையாலும் ஜாடியைத் தூக்கினாள். இன்னும் சூடு இருந்தது. செய்தவர் பெயரை அடியில் கீறி வைப்பது அவர்கள் வகுப்பு வழக்கம். பழக்க தோஷத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

கீறியிருந்தது முந்திரிக்கொட்டையின் பெயர் இல்லை. கிண்ணக்காரியின் பெயர். யாருக்காக அனலில் நிற்கப் போகிறதோ, அவள் பெயர்.

எழுத்தின் மேல் விரலை ஓட்டினாள். ஆழமாக, வழுவழுவென்று இறங்கியிருந்தது. காய்ந்த மண்ணில் அப்படிக் கீற வராது. ஜாடி சக்கரத்தை விட்டு இறங்கிய ஈரத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

போன மாதம். இவள் நடித்துக் காட்ட, வகுப்பே சிரித்த அன்றைக்கு.